உர்சோ வாய் திறந்த ஞாயிறு

பெரியவரைப் புனிதர் என்கிறார்கள். புனிதர்தான், நான் மறுக்கவில்லை. கிழக்கே இருக்கிற சக்கரவர்த்தி, விசுவாசத்தைப் பற்றித் தன் இஷ்டத்துக்கு ஓர் ஆணை எழுதி அனுப்பினார். அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று படுத்த படுக்கையிலிருந்தே சொன்ன பாப்பரசர் அவர். அவர் பேரைச் சொல்லி விளக்கேற்றுங்கள், எண்ணெய் நானும் தருகிறேன். ஆனால் பாப்பரசர்கள் குடியிருக்கிற லாத்தரான் அரண்மனையின் குருமார் அவர் சரித்திரத்தை எழுதும்போது உர்சோ என்ற பேர் அதில் ஒரு மூலையில்கூட வராது. எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் போனோசா. ரோமாபுரியில் திபேர் நதிக்கு இந்தப் பக்கம், பாலம் முடிகிற இடத்தில் மீன் விற்கிறவள். உர்சோ என் அண்டை வீட்டுக்காரன். அவன் அப்பன் ஆற்றில் படகுகளைக் கட்டி நடுவில் சக்கரம் ஓடவிட்டு மாவரைத்தவன். ஒரு வெள்ளத்தில் படகும் போனது, ஆளும் போனான். தாய்க்காரி பிள்ளையைக் கொண்டுபோய்க் கோயிலில் விட்டாள். குருவாக்கலாம் என்று பார்த்தார்கள், எழுத்து ஏறவில்லை. சுவிசேஷம் வாசிக்கச் சொன்னால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் சொந்தமாக ஏதாவது சேர்த்துவிடுவான். கடைசியில் பீடத்தில் ஏவல் செய்கிறவனாக நிறுத்தினார்கள், அப்படியே நரைத்துப்போனான்.

அப்படி ஒரு வாய் அவனுக்கு. காலையில் தண்ணீர் எடுக்கப் போகிறவன் மத்தியானம் வெறுங்குடத்தோடு திரும்புவான், வழியெல்லாம் பேச்சு. யார் வீட்டு ஆடு எப்போது ஈன்றது, யார் மருமகள் யார் மேல் தட்டை எறிந்தாள், எல்லாம் அவனிடம் இருக்கும். அவன் பெண்டாட்டி பெலாஜியா அதற்கு நேர்மாறு. அவள் பேசி நாங்கள் கேட்டது குறைவு. "எனக்கும் சேத்து அந்தாளே பேசிடுறாரு, நான் என்னத்தப் பேச?" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை அதுவே பெரிய பிரசங்கம்.

அந்த வாய் வாரத்தில் ஒரே ஒரு பொழுது மூடிக்கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை பாப்பரசர் தன் பூசையில் பிட்ட அப்பத்திலிருந்து கோயிலுக்கொரு துண்டு ஊரெங்கும் போகும். எங்கள் சாமியார் தன் பூசையை நடத்திக்கொண்டே அதற்காகக் காத்திருப்பார். வந்ததும் தன் கிண்ணத்தில் இடுவார். அங்கே பெரியவர் வைத்த பூசையும் இங்கே நாங்கள் கும்பிடுகிற பூசையும் ஒன்றே என்று அதற்கு அர்த்தம். எங்கள் கோயிலுக்கு அதைச் சுமந்து வருகிறவன் உர்சோ. வெள்ளைத் துணிப்பையைக் கழுத்தில் மாட்டி, இரண்டு கைகளையும் அங்கிக்குள் மறைத்து அதைத் தாங்கிக்கொண்டு நடப்பான். பையில் இருப்பது ஆண்டவருடைய உடல். அதனால் சுமக்கிறவன் கோயில் வாசல் சேரும்வரை வாய் திறக்கக் கூடாது. பிள்ளை செத்துப்போச்சு என்று சொன்னாலும் ஏன் என்று கேட்கக் கூடாது.

அவனை அந்த நேரம் பேசவைப்பதுதான் எங்கள் பாலத்தில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. பை கடந்துபோகும்போது முழங்கால் போடுவோம், அதெல்லாம் சரியாகச் செய்வோம். ஆனால் முழங்காலில் இருந்தபடியே நான் ஆரம்பிப்பேன். "ஏய் உர்சோ, உம் பெண்டாட்டி நேத்து யாரோடயோ சிரிச்சுப் பேசினாளே, பாத்தியா?" என்பேன். கன்னம் துடிக்கும், காது சிவக்கும், ஒரு சத்தம் வராது. ஒருமுறை அவன் மாமியார் அவன் கண்ணெதிரே சேற்றில் வழுக்கி மல்லாக்க விழுந்தாள். மனுஷன் சுற்றிக்கொண்டு போய்விட்டான். பூசை முடிந்து ஓடிவந்து தூக்கினான், அப்புறம் அந்தக் கதையை ஒரு மாதம் எல்லோரிடமும் அவனே சொல்லிச் சிரித்தான். மாமியார் சாகும்வரை அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருத்தராலும் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடிந்ததில்லை.

அந்தக் கோடையில்தான் ராவென்னாவிலிருந்து சக்கரவர்த்தியின் ஆளுநர் படையோடு வந்தார். பெரியவரைப் பார்த்து நலம் விசாரிக்க வந்தேன் என்றார். நலம் விசாரிக்க வருகிறவன் எதற்கு வேல் பிடித்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறான் என்று ஊரே முணுமுணுத்தது, யாரும் உரக்கக் கேட்கவில்லை. பெரியவர் தன் படுக்கையைத் தூக்கி அரண்மனைக் கோயில் பீடத்துக்கு முன்னால் போடச் சொல்லி அங்கேயே கிடந்தார். பீடத்தடியில் வந்து கை வைக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. படை லாத்தரான் முற்றத்தில் கூடாரம் அடித்தது. சந்தையில் கூட்டம் குறைந்தது. ஆற்றங்கரையில் துணி துவைக்கிறவர்கள்கூடச் சத்தமில்லாமல் துவைத்தார்கள்.

பெரியவர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? எல்லார் மனசிலும் அந்த ஒரே கேள்விதான். ஞாயிறு அப்பம் வந்தால் இருக்கிறார். வராவிட்டால் இல்லை. எங்களுக்கு வேறு வழியாக எதுவும் தெரியாது. அப்பம் வராவிட்டால் ஊர்ப் படையில் இருக்கிற எங்கள் பையன்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பது ஆளுநருக்கும் தெரியும். அவர் தனக்கு வேண்டிய ஓர் ஆளைப் பாப்பரசராக உட்காரவைக்கப் போகிறார், அதற்குச் சக்கரவர்த்தியின் சம்மதம் கடல் தாண்டி வர வேண்டும், அதுவரை ஊர் அடங்கிக் கிடக்க வேண்டும். அதனால் அப்பம் வந்தே ஆக வேண்டும்.

அந்த ஞாயிறு காலை லாத்தரானில் நடந்ததை, அங்கே கூட நின்ற ஏவலாள் ஒருவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பெலாஜியா பின்னால் எனக்குச் சொன்னாள். உர்சோவும் மற்ற ஏவலாட்களும் பைகளோடு போய் நின்றபோது பீடத்தைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தது. திரைக்குப் பின்னால் ஜெபச் சத்தம் இல்லை. திரையின் ஓரம் விலகியிருந்த இடத்தில் படுக்கை தெரிந்தது, அதில் ஆள் இல்லை, தலையணைகூட இல்லை. ஆளுநரின் காரியதரிசி எல்பிதியோஸ் ஒரு தட்டோடு வந்தான். எங்கள் பாஷையை எங்களைவிடச் சுத்தமாகப் பேசுகிறவன், பன்னீர் எண்ணெய் வாசனை வேறு. தட்டில் அடுக்களையிலிருந்து நறுக்கி வந்த ரொட்டித் துண்டுகள். ஆளுக்கு ஒன்று பையில் போட்டான். பெரியவர் சுகமாக இருக்கிறார், ஓய்வெடுக்கிறார், யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்றான். இந்த முற்றத்தில் பார்த்ததைப் பற்றி எவன் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போனாலும் அந்த நாக்கை வேரோடு எடுத்துவிடுவேன் என்றும் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லையாம், சமையல்காரனிடம் காய் நறுக்கச் சொல்கிற குரலில் சொன்னானாம்.

ஒவ்வொருவன் கூடவும் இரண்டு வீரர்களை அனுப்பினார்கள். மற்றவர்கள் எல்லாரும் அந்தந்தக் கோயிலுக்கு வாயை மூடிக்கொண்டு போனார்கள். அங்கே ஜனங்கள் முழங்கால் போட்டார்கள், வெறும் ரொட்டிக்கு. சாமியார்கள் அதைக் கிண்ணத்தில் போட்டார்கள். நாக்கு எல்லாருக்கும் வேண்டியதுதானே, நான் யாரையும் குறை சொல்லவில்லை. இல்லை, சொல்கிறேன். ஒருத்தனுக்குமா மனசு உறுத்தவில்லை?

உர்சோ பாலத்தில் ஏறுவதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. பை வருகிறது, பெரியவர் இருக்கிறார். பக்கத்துக் கடைக்காரன் சத்தமாக அழுதே விட்டான். எல்லோரும் முழங்காலில் இறங்கினோம். வீரர்கள் இருந்ததால் அன்றைக்கு யாருக்கும் கிண்டல் செய்ய மனமில்லை, நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் செருப்பு என் கூடைக்கு முன்னால் வந்து நின்றது. நடந்துகொண்டே இருக்க வேண்டிய செருப்பு நின்றது. நான் நிமிர்ந்தேன்.

"போனோசாக்கா, விலாங்கு இன்னிக்குப் புதுசா?" என்றான்.

பழக்கதோஷம், என் வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது. "உன் மூஞ்சிய விடப் புதுசுதான், போடா" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் மண்டையில் ஏறியது. பையில் ஆண்டவர் இருந்தால் இவன் பேச மாட்டானே. அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் சிரிப்பு, கண்ணில் அது இல்லை. கைகள் அங்கிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. பிறகு பக்கத்துக் கடைக்காரனைப் பார்த்து, முட்டைக்கோஸ் ரொம்ப வாடிப்போச்சே என்றான். பானை விற்கிறவளைப் பார்த்து, உன் தம்பிக்கு ஜுரம் விட்டுதா என்றான். வீரர்கள் அவனைத் தடுக்கவில்லை. அவர்கள் கிழக்கத்தி ஆட்கள், எங்கள் ஊர் வழக்கம் அவர்களுக்கு என்ன தெரியும்? அரண்மனையைப் பற்றி ஒரு சொல் வந்தால் பிடி என்பதுதான் அவர்களுக்கு உத்தரவு. இவன் முட்டைக்கோஸைப் பற்றித்தானே பேசுகிறான்.

முழங்காலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் கத்தவில்லை. ஒருத்தருக்கொருத்தர் முகத்தைக்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை. பாலத்திலிருந்து கோயில் வரைக்கும் அவன் பேசிக்கொண்டே போக, அவன் பின்னால் தெரு அப்படியே எழுந்து நின்றது. பூசைக்குக் கோயிலுக்குள் இருந்தவர்களும் செய்தி எட்டியதும் வெளியே வந்துவிட்டார்கள். உள்ளே எங்கள் அசெல்லோ சாமியாரும் உர்சோவும் இரண்டு வீரர்களும்தான். சாமியார் அந்த ரொட்டியைக் கிண்ணத்தில் போட்டாரா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கேட்டால், கண் சரியாகத் தெரியவில்லை, ஞாபகமில்லை என்பார். மதியத்துக்குள் ஆற்றுக்கு அந்தப் பக்கமும் விஷயம் பரவிவிட்டது. பெரியவரைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஊரே தெரிந்துகொண்டது.

ஏன் கோயில் காலியானது என்று வீரர்கள் சாமியாரைக் கேட்டார்கள். சுமக்கிறவன் பேசக் கூடாது என்கிற வழக்கத்தைச் சாமியார் சொல்லிவிட்டார். அடித்துக்கூடக் கேட்கவில்லை, ஓங்கின கைக்கே சொல்லிவிட்டார். பிற்பாடு அதே சாமியார் பெரியவரின் பெருமையைப் பற்றி மூச்சு விடாமல் பிரசங்கம் வைத்தார், நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மறுநாள் எல்பிதியோஸ் பாலத்துக்கே வந்தான். என் கூடைக்கு முன்னால் நின்று, உன்னிடம் அவன் என்ன சொன்னான் என்று கேட்டான். விலாங்கு புதுசா என்று கேட்டான், வேறொன்றுமில்லை ஐயா என்றேன். அவன் சிரித்தான். எனக்கு அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி பேசினான்.

"உங்க உர்சோ நேத்து குடிச்சிருந்தான். குடிகாரன் பேச்ச வச்சு நீங்க பாட்டுக்கு எதையோ நெனச்சுக்கிட்டீங்க. வர்ற ஞாயிறும் அவன்தான் வருவான். வாயில துணி இல்ல, கையில கட்டு இல்ல. உங்க வழக்கப்படி பேசாம வந்தான்னா பெரியவர் சுகம்னு அர்த்தம், நீங்களும் முழங்கால் போட்டுக்குங்க, அவனும் வீட்டுக்குப் போயிடலாம். பேசினான்னா, அதுதான் அவன் பேசுற கடைசிப் பேச்சு."

பாவி, எங்கள் வழக்கத்தை எடுத்து எங்கள் கழுத்திலேயே சுருக்காக மாட்டிவிட்டான். உர்சோ பேசாமல் வந்தால் பொய்க்குச் சாட்சி. பேசினால் நாக்கு போகும். அதற்கு மேல் நாங்கள் எதற்கு முழங்கால் போடுவது, எதற்குப் போடாமல் இருப்பது?

உர்சோவைக் கோயிலிலிருந்தே பிடித்துக்கொண்டுபோய், அந்த வாரம் முழுக்க லாத்தரானில் அடைத்து வைத்திருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் பெலாஜியா என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அக்கா, அந்தாளுக்கு ஒரு முகத்தப் பாத்தா வாய் நிக்காது. உங்க யாரையும் பாக்கலேன்னா பேச மாட்டாரு. யாரோட பேசுவாரு? காத்தோடயா? நாளைக்குத் தெருவுல ஒருத்தரும் இருக்கக் கூடாது. நீங்க சொன்னா கேப்பாங்க. அவரு நாக்கு எனக்கு வேணும்க்கா. அது ஓயாம பேசும்போதெல்லாம் சனியன்னு திட்டியிருக்கேன். எனக்கு அது வேணும்."

நான் வீடு வீடாகப் போனேன். யாரும் மறுக்கவில்லை. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்திருக்கும் அவர்களுக்கு. தெருவில் இல்லாவிட்டால் பையைப் பார்க்க வேண்டாம், முழங்கால் போட வேண்டாம், போடாமல் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். அவன் பேசாமல் போய்விடுவான், நாங்கள் எதையும் பார்த்ததாக இருக்காது. நாக்கும் தப்பிக்கும், நாங்களும் தப்பிப்போம். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று நான்கூட நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு விடிந்தது. பாலத்தில் ஒரு கூடை இல்லை. கதவுகளைச் சாத்தி, ஜன்னல் பலகைகளையும் மூடிவிட்டோம். ஆட்டைக்கூட உள்ளே கட்டினோம். பெலாஜியா என்னோடு கதவுக்குப் பின்னால் நின்றாள், என் கையைப் பிடித்திருந்த பிடியில் விரல் மரத்துப்போனது. ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பாலத்துக் கல்லில் செருப்புச் சத்தங்கள், நிறையச் செருப்புகள். அன்றைக்கு எல்பிதியோஸும் கூட வந்திருந்தான், அவன் வாசனை கதவிடுக்கில் முதலில் வந்தது. பாலத்தின் பாதியைத் தாண்டிவிட்டார்கள். பேச்சில்லை. முழுப் பாலத்தையும் தாண்டிவிட்டார்கள். பேச்சில்லை. பெலாஜியா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். இன்னும் கொஞ்ச தூரம்தான் கோயில்.

"என்ன போனோசாக்கா, இன்னிக்குக் கடை போடலியா?"

என் கதவுக்கு நேர் எதிரே நின்று கேட்டான். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான். நான் பதில் சொல்லவில்லை. பெலாஜியாவின் நகம் என் தோலில் இறங்கியது. அவன் கொஞ்சம் நின்று பார்த்தான், பிறகு நகர்ந்து அடுத்த கதவைக் கேட்டான், ஏம்ப்பா, உன் கழுதை நொண்டறது நின்னுச்சா என்று. அங்கேயும் பதில் இல்லை. அதற்கடுத்த கதவு. அதற்கடுத்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கேள்வி வைத்திருந்தான், லாத்தரான் நிலவறையில் படுத்துக்கொண்டு வாரம் முழுக்க யோசித்திருப்பான் போலிருக்கிறது. சாத்தின கதவுகளோடு ஒரு மனுஷன் தனியாகப் பேசிக்கொண்டு போனான். யாரும் தடுக்கவில்லை. இனி தடுத்து என்ன ஆகப்போகிறது என்று எல்பிதியோஸ் விட்டுவிட்டான்.

கடைசியில் திரும்பி வந்து, என் வீட்டை ஒட்டின தன் வீட்டு வாசலில் நின்றான். அவள் என்னிடம் இருப்பது அவனுக்குத் தெரியாது. காலியான வீட்டைப் பார்த்துப் பேசினான்.

"பெலாஜியா, எனக்கு இன்னிக்குச் சூடா ஒண்ணும் வேணாம். ஆற வச்ச கஞ்சி போதும்."

அதைக் கேட்டதும் அவள் என் கையை உதறினாள். நான் பிடிப்பதற்குள் தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள். தெருவின் நடுவில், அத்தனை வேல்களுக்கும் முன்னால் போய் நின்றாள்.

"சரிங்க," என்றாள். "ஆற வைக்கிறேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். பேச வாய் வராமல் ஒரு நிமிஷம் நின்றான், வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அப்போது நான் வெளியே வந்தேன். கடை போடலடா, நாளைக்குப் போடுறேன் என்றேன். அடுத்த வீட்டுக் கதவு திறந்தது, கழுதை இன்னும் நொண்டுதுப்பா என்றது ஒரு குரல். ஒவ்வொரு கதவாகத் திறந்து, அவனவன் தனக்கு வைத்த கேள்விக்குப் பதில் சொன்னான். உர்சோ எல்லாரோடும் பேசிக்கொண்டே கோயில்வரை நடந்தான், கழுத்தில் அந்தப் பை ஆடிக்கொண்டிருந்தது, ஒருத்தர்கூட முழங்கால் போடவில்லை. எல்பிதியோஸ் முதல் தடவையாக வாய் விட்டுக் கத்தினான், அவன் பாஷையில்.

சாயங்காலம் உர்சோவைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். கஞ்சி ஆறித்தான் இருந்தது. அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள், பாதிக்கு மேல் ரத்தத்தோடு வெளியே வந்தது, துடைத்துவிட்டு மறுபடி புகட்டினாள். அன்றைக்குப் பேச ஆரம்பித்தவள்தான். யார் வீட்டு ஆடு ஈன்றது, யார் மருமகள் தட்டை எறிந்தாள் என்று ஊர்ச் சங்கதி எல்லாவற்றையும் வெளியே போய்க் கேட்டுக்கொண்டு வந்து, அவன் சாகிறவரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து அவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.